மயிரிழைக் கோட்டெழுத்தும் அதன் பயனும்

அச்செழுத்துக்களுள் ஒரு வகையில் நெடுங்கோடுகள் பருத்தும், இணைப்புக் கோடுகள் மயிரிழைபோல் மெலிந்தும் அமைந்திருக்கும். கோடுகளின் முனைகளில் நுண்ணிய குறுக்குக் கோடுகளும் உண்டு. இவற்றைச் ‘செரிஃப்’ என்பர். கண்ணைக் கவரும் இவ்வெழுத்தை எங்கே வழங்கலாம், எங்கே விலக்க வேண்டும் என்பதனைத் துண்டு வெளியீடுகள் தயாரிக்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

இவ்வகை தோன்றுதற்கு அச்சுத்தொழிலின் முன்னேற்றமே காரணமாகும். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஜான் பாஸ்கர்வில் 1757-இல் வெளியிட்ட வெர்ஜில் நூலில், வழவழப்பான தாளையும் அடர்கரிய மையையும் கையாண்டார். மெல்லிய கோடுகள் தெளிவாகப் பதிவதற்கு இவை துணைபுரிந்தன. பின்னர்ப் பாரிசில் திதோ குடும்பத்தாரும், இத்தாலியின் பார்மா நகரில் போதோனியும் (1740–1813) இவ்வழகை அதன் எல்லைக்கே கொண்டு சென்றனர். இந்தியாவில், 2009-இல் தொடங்கப்பெற்ற இந்தியன் டைப் பவுண்டரி, ‘ரோழா ஒன்’ என்னும் இவ்வகை எழுத்தினைத் தேவநாகரிக்கும் ரோமன் எழுத்துக்கும் 2014-இல் வெளியிட்டது. அது தலைப்புகளுக்கென அமைந்ததாகும்.

தலைப்புக்கு மட்டும் என்பதன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். மெல்லிய கோட்டின் தடிப்பு, எழுத்தின் அளவில் 50-இல் ஒரு பங்கு எனக் கொள்வோம். 72 பாயிண்டு எழுத்தில் அக்கோடு ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் இருக்கும். 10 பாயிண்டு எழுத்திலோ 0.07 மில்லிமீட்டரே எஞ்சும். சொரசொரப்பான தாளிலும், நகலின் நகலிலும் அத்தகைய கோடு நிற்பதில்லை. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் அச்சினைத் தனியே வெட்டினர். ஆகவே சிற்றெழுத்தில் கோட்டைச் சற்றே தடிப்பாக்க இயன்றது. கணிப்பொறியிலோ பெரும்பாலும் ஒரே வரைவு எல்லா அளவுகளுக்கும் சுருக்கப்படுகிறது. இக்குறையை நீக்கவே, 1994-இல் வெளிவந்த ஐ.டி.சி. போதோனி 6, 12, 72 பாயிண்டு அளவுகளுக்கு மூன்று தனி வரைவுகளுடன் அமைக்கப்பட்டது.

கோடு மறைவதால் கெடுவது அழகு மட்டுமன்று. தமிழில் ‘கொடு’ என்பதையும் ‘கோடு’ என்பதையும் பிரித்துக் காட்டுவது கொம்பின் சிறு சுழியே. 3, 6, 8 ஆகிய இலக்கங்களில் மெல்லிய வளைவுகள் அழியுமாயின், மருந்தின் அளவையோ தடுப்பூசி நாளையோ பிறழ உணர்தல் கூடும். பெங்களூரு சிவாஜிநகர் போன்று கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் வழங்கும் இடங்களில் மற்றொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலத்துக்கு மயிரிழை எழுத்தும், ஏனையவற்றுக்குச் சமதடிப்பு எழுத்தும் இட்டால், ஒரே அறிவிப்பு ஒரு சாராருக்குத் தெளிவாகவும் மற்றொரு சாராருக்கு மங்கலாகவும் அமையும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. மயிரிழை எழுத்தினைத் தலைப்பு, அட்டை, அழைப்பிதழ் ஆகியவற்றுக்கே வழங்குக.

2. அளவு, நாள், எச்சரிக்கை ஆகியவற்றைச் சமதடிப்பு எழுத்தில் அச்சிடுக.

3. கருநிறப் பின்புலத்தில் வெள்ளெழுத்தாக மயிரிழை எழுத்தை இடற்க; மை பரவி மெல்லிய கோட்டை மூடிவிடும்.

4. வழங்கவிருக்கும் தாளிலேயே ஒரு படி எடுத்து, அதனை மீண்டும் நகலெடுத்து, மாலை விளக்கொளியில் முதியவர் ஒருவரைப் படிக்கச் செய்க. அவர் தடையின்றிப் படித்த பின்னரே எஞ்சிய படிகளை அச்சிடுக.