மீன் தொட்டியில் பச்சை விசிறி!

மீன் தொட்டிக்கு அழகு தருவது மீன் மட்டும் அல்ல, செடியும்தான். அப்படி ஒரு செடி, கபோம்பா. சொந்த இடம் அமெரிக்கக் கண்டம். தண்டு நீளமானது. இலை விசிறி போல் விரியும். முரட்டுக் கை பட்டால் ஒடிந்துவிடும்!

நடுவது எப்படி?

நுனித் தண்டை அரை அடி நீளம் வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலில் 2 அங்குலம் புதையுங்கள். கட்டாக நடக்கூடாது, அடித்தண்டு அழுகிவிடும். தனித்தனியாக நடுங்கள்.

எது வேண்டும்? எது ஆகாது?

நல்ல வெளிச்சம் வேண்டும். குறைந்தால் அடி இலைகள் உதிரும். நேர் வெயில் ஆகாது. இலையில் பாசி படியும். தங்கமீன் உள்ள தொட்டியில் வேண்டாம். கடித்துத் தின்றுவிடும்!

குளத்தில் போடாதீர்கள்!

ஒடிந்த துண்டு ஒன்று போதும். புதுச் செடி ஆகிவிடும். கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில், 2020-ம் ஆண்டு நவம்பரில் இதன் இன்னொரு வகை ஓடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. பார்க்கக் கூட்டம் திரண்டது. பூ அழகுதான். ஆனால் செடி அடர்ந்தால் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது. மற்ற நீர்ச்செடிகள் செத்துவிடும்.

ஆகவே, வெட்டிய துண்டுகளை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். தொட்டிக்கு அழகு, குளத்துக்குக் கேடு!