வெட்டினால் பெருகும் விலங்கு

ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருப்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மின்சார ரயில் ஏற வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் சில வீடுகளின் கூடத்திலேயே ஒரு குட்டிக் கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, அதில் கடல்நீர், ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். மெரினாவில் இருந்து குடத்தில் மொண்டு வந்த தண்ணீர் இல்லை அது. ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் கரைக்கிறார்கள். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ உப்பு!

அந்தத் தொட்டிக்குள் ஒருநாள், யாரும் காசு கொடுத்து வாங்காத ஒன்று பாறை இடுக்கில் முளைத்து நிற்கும். பழுப்பு நிறம். விரல் நுனி உயரம். மெல்லிய தண்டு, உச்சியில் சுற்றிலும் நீண்ட இழைகள். பனங்கன்று மாதிரி இருக்கும். அழகாக இருக்கிறதே என்று குச்சியால் தொட்டால், சட்டென்று பாறைக்குள் சுருண்டு மறைந்துவிடும். செடி இப்படிப் பாறைக்குள் ஒளியாது. இது விலங்கு. கடற்சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஐப்டேசியா. கடல்மீன் வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதன் பெயரைச் சொன்னாலே பெருமூச்சு விடுவார்கள்.

ஏன் அப்படி? அதன் இழைகளில் கொட்டும் செல்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு நுண்ணிய நஞ்சுக் குழல் சுருண்டு கிடக்கும். ஏதாவது பட்டால் அது பாய்ந்து வெளியே வந்து குத்தும். இதே வகைச் செல்கள் கொண்ட ஹைட்ரா என்ற நன்னீர் உயிரியில் இந்த வேகத்தை விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரே ஒரு பங்கு நேரம்கூட ஆகவில்லை! பக்கத்தில் இருக்கும் மெல்லுடல் உயிர்களை ஐப்டேசியா இப்படிக் கொட்டிக் கொட்டியே ஒதுக்கிவிட்டு, இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

சரி, கத்தியால் சுரண்டி எறிந்துவிடலாமே என்று தோன்றும். அதுதான் கூடவே கூடாது. இந்த விலங்கு நகரும்போது பாதத்தின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கிலும் வாய் முளைத்து, இழைகள் முளைத்து, புதிதாக ஒரு ஐப்டேசியா எழுந்து நிற்கும். துணை வேண்டாம், முட்டை வேண்டாம். நாம் சுரண்டினால் இடுக்கில் ஒட்டியிருக்கும் மிச்சமும் இதே வேலையைச் செய்யும். ஒன்றை ஒழிக்கப் போய்ப் பத்தை வளர்த்ததாகிவிடும். நம் ஏரிகளில் படர்ந்திருக்கும் ஆகாயத்தாமரையை வாரும்போதும் இதே தொல்லைதான். மிஞ்சிய சிறு கொடியில் இருந்தே மறுபடி படர்ந்துவிடும்.

தொட்டிக்காரர்கள் கையாளும் ஒரு வழி சுண்ணாம்பு. தூய கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, இழைகள் விரிந்திருக்கும் நேரம் பார்த்து வாயின் மேல் மெதுவாக விடுவார்கள். ஐப்டேசியா அதை இரை என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். கடல்நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 8-ஐ ஒட்டி இருக்கும்; சுண்ணாம்புக் குழைவிலோ 12-ஐத் தாண்டும். அந்தக் காரம் அதன் உடலைச் சிதைத்துவிடும். குழைவு மீன்கள் பக்கம் பரவாமல் இருக்க முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்க்கப் பார்த்தால் தொட்டி முழுவதும் காரம் ஏறி மீன்களும் செத்துப்போகும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு வழி. கடலில் ஐப்டேசியா பெரும்பாலும் தொல்லையாக இல்லை. அங்கே அதைத் தின்ன ஆள் இருக்கிறது. அந்தமான் கடலில் தொடங்கி ஆஸ்திரேலியா வரை வாழும் காப்பர்பேண்ட் என்ற பட்டாம்பூச்சி மீனுக்கு நீண்ட மூக்கு போன்ற வாய். இடுக்கில் விட்டுக் கொத்தி எடுத்துவிடும். ஆனால் தொட்டியில் அதை வளர்ப்பது கடினம், பல மீன்கள் சாப்பிடாமலே இறந்துபோகின்றன. சிவப்புக் கோடு போட்ட பெப்பர்மின்ட் இறால் இரவில் வந்து சின்ன ஐப்டேசியாக்களைத் தின்னும். நாம் மீன் தீனியை அள்ளிப் போட்டால் அந்த இறாலும் அதைத் தின்றுவிட்டு வேலையை மறந்துவிடும். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: மிஞ்சும் தீனிதான் ஐப்டேசியாவுக்கும் விருந்து. தீனியைக் குறைத்தாலே அது பெருகும் வேகம் குறையும்.

எல்லாரையும்விட வியப்பானது பெர்கியா. ஓடில்லாத ஒரு குட்டிக் கடல் நத்தை. ஐப்டேசியாவைத் தவிர வேறு எதையும் தின்னாது. கொட்டும் செல்களைத் தின்றால் அதற்கு ஒன்றும் ஆகாதா? ஆகாது. வெடிக்காத செல்களைப் பத்திரமாகத் தன் முதுகில் இருக்கும் விரல் போன்ற நீட்சிகளின் நுனிக்கு அனுப்பி, அங்கே சேமித்துவைத்துக்கொள்ளும். பிறகு தன்னைக் கடிக்க வரும் மீனை அதே செல்களால் கொட்டும்!

ஐப்டேசியாவால் பவளங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பவளத்தைப் போலவே அதன் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. கடல் சூடானால் பவளங்கள் இந்தப் பாசிகளை இழந்து வெளுத்துப்போகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி நடந்தது. பவளத்தை ஆய்வகத்தில் வளர்ப்பது சிரமம். எங்கும் முளைக்கும் ஐப்டேசியாவை வளர்ப்பது எளிது. அதனால் வெளுப்பு எப்படி நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் இதை வைத்தே ஆராய்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வெளியிட்டார்கள்.

தொட்டிக்குள் இது எப்படி வந்தது? பெரும்பாலும் பாறையில் ஒட்டிக்கொண்டுதான். கடலில் இருந்து உயிர்கள் ஒட்டி வாழும் பவளப் பாறையைப் பெயர்த்து வருவது தவறும்கூட. பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றுக்கும் 2001 முதல் நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்த காலத்தில், அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளம் அல்லாத, நன்கு காய்ந்த பாறையைக் கொண்டு தொட்டி அமைத்தால் சட்டத்துக்கும் சரி, பாறை வழியாக ஐப்டேசியாவும் வராது.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆசையாக வாங்கும் எதையும் உடனே பெரிய தொட்டியில் விடாமல், சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்து வரும் வன்னாமி வகைத் தாய் இறால்களைக்கூட நேராகக் குஞ்சு பொரிப்பகத்துக்குள் விடுவதில்லை. சென்னை நீலாங்கரையில் அதற்கென்றே உள்ள நிலையத்தில் தனியாக வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். வீட்டில் அந்த வேலைக்கு ஒரு சின்னத் தொட்டியும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். பாறையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஐப்டேசியா குட்டிகள் அங்கேயும் ஒளிந்திருக்கலாம்.