பல் ஏன் ஆடுகிறது?

"கிளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடுமாமே டாக்டர்?" ஈறு வீங்கி என்னிடம் வருகிற பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கிளீனிங்கால் பல் ஆடுவதில்லை. பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் அதற்கு வெகுநாள் முன்பே அறுந்திருக்கும். பல்லில் கெட்டியாகப் படிந்த காரைதான் முட்டுக்கொடுத்து அதை மறைத்திருக்கும். அறுத்ததில் பெரும்பங்கு நம்முடைய வெள்ளை அணுக்களுக்குத்தான் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கிருமிப் படலம் சேர்ந்ததும், நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறி அங்கே திரள்கின்றன. அவற்றுக்குள் சின்னச் சின்னப் பைகளில் நொதிகள் தயாராக இருக்கும். தனிக் கிருமியை விழுங்கிவிடலாம். பல்லில் ஒட்டிய படலத்தை விழுங்க முடியாது. அதனால் நொதிகளை வெளியே கொட்டிவிடுகின்றன. அவற்றில் ஒன்று எம்எம்பி-8. ஈறுக்கு உறுதி தரும் கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது. எம்எம்பி-8 அதை ஒரே இடத்தில் வெட்டும்: முக்கால் பாகம் ஒரு துண்டு, கால் பாகம் ஒரு துண்டு. வெட்டுப்பட்ட முறுக்கு உடல் சூட்டிலேயே பிரிந்துவிடும், மிச்சத்தை மற்ற நொதிகள் கரைத்துவிடும். இவற்றை அடக்கும் புரதங்களும் உடம்பில் உண்டு. எலாஸ்டேஸ் என்ற நொதி அவற்றையும் சிதைக்கிறது. அழற்சி நீடித்தால் எலும்பும் கரையும்.

அதற்காக வெள்ளை அணுவைப் பழிக்கக் கூடாது. பிறவிக் குறையால் அவை ஈறுக்கு வந்துசேர முடியாத அபூர்வக் குழந்தைகளுக்குப் பால் பல்லே ஆடி விழுந்துவிடும்.

நார்வேயைச் சேர்ந்த ஹாரால்ட் லோவின் குழு, 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைக் கவனித்தது. தொடக்கத்தில் 480 ஆண்கள், மலையகத் தமிழர்கள். பல் துலக்கும் வழக்கமில்லை, பல் மருத்துவமும் இல்லை. எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் 8 சதவீதம் பேருக்கு அழிவு வேகமாகப் பரவியது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக. 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு ஒன்றுதான், உடம்பு வேறு வேறு. அவர்களுக்குக் கிடைக்காமல் போன சிகிச்சையின் மேல் எழுந்த அறிவு இது; படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அழிவு கூடுதல். நொதியை அடக்க மருந்தும் உண்டு. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 20 மில்லிகிராம் அளவில் கொடுத்தால் கிருமி சாகாது, நொதி மட்டும் அடங்கும். ஆனால் காரையை எடுக்காமல் அந்த மாத்திரையால் பயனில்லை.

துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தேயுங்கள். ஒரு வாரத்தில் நிற்கவில்லையென்றால், பல் ஆடும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.