தராசுக்கு முத்திரை உண்டு... சென்சாருக்கு?

அன்னூர் பக்கம் ஒரு பால் சொசைட்டி. காலை ஆறு மணி. தூக்குவாளிப் பாலை ஊற்றிவிட்டு, இயந்திரத்தின் சிவப்பு எழுத்துகளையே பார்த்தபடி நிற்கிறார் ஓர் அம்மா. லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பற்ற திடப்பொருள். சீட்டு வந்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். "பணம் பேங்க்லயே ஏறிருமுங்க" என்கிறார்.

கிராமத்துக்கு வங்கி வந்த கதை என்றால் கிளை, ஏடிஎம், செல்போன் என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் பெரிதாகப் படுகின்றன. ஒரு சென்சார் சொன்ன எண், அப்படியே ரூபாயாகக் கணக்கில் விழுகிறது. அந்த எண்ணுக்கு யார் காவல்?

சென்சார் இப்போது தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. மண் ஈரம் பார்க்கிறது, மழை அளக்கிறது, மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறது. கம்பியில்லாமல் பேசும் கருவிகளில் லோரா வகையைச் சேர்ந்தவை, இங்கே 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய, உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் தகவல் அனுப்புகின்றன. அவற்றுக்கான லோராவான் முறையில் 128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்கப் பூட்டு உண்டு. நல்ல பூட்டுதான். ஆனால் அதன் சாவி கருவிக்குள்ளேயே இருக்கிறது; கருவியோ ஆளில்லாத காட்டில், வேலியோரம் நிற்கிறது. பேட்டரி பல வருஷம் தாங்க வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பில் கை வைக்கும் மலிவுக் கருவிகளில் அந்தப் பூட்டும் சந்தேகம்தான். நேற்று "மண் காய்ந்துவிட்டது" என்று போன செய்தியைப் பிடித்து வைத்து, இன்று அதையே திரும்ப அனுப்பினால், செய்தியின் வரிசை எண்ணைப் பார்க்காத கருவி அப்படியே நம்பிவிடும்.

பல்லடம் பக்கம் ஒரு மோட்டார் ரூமில் கண்ணால் பார்த்தேன். செல்போன் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் மார்க்கரில் கடவுச்சொல் எழுதியிருந்தது: 1234. வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லையாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் போட்டது.

மோட்டாரோடு போனால் பரவாயில்லை. 2016இல் மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில், இழப்பீடு வானிலை நிலையத்தின் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. மழைமானி தப்புச் சொன்னால் பணமும் தப்பாகத்தான் போகும். அமெரிக்காவின் கொலராடோவில் 2016, 17 ஆண்டுகளில் இரண்டு பண்ணைக்காரர்கள் மழைமானிகளின் வயரை அறுத்தார்கள், தட்டுப் போட்டு மூடினார்கள், புனலைச் சிலிக்கான் ஊற்றி அடைத்தார்கள். மழையே பெய்யாததுபோல் கணக்குக் காட்டிக் காப்பீட்டுப் பணம் வாங்கினார்கள். பிடிபட்டு, கட்ட ஒப்புக்கொண்ட தொகை 66 லட்சம் டாலர். கணினியைத் தொடாமலே அடித்த கொள்ளை இது.

சென்சாரையே ஏமாற்றலாம் என்ற இந்தப் பாடத்தை வங்கித் துறை ஏற்கெனவே படித்திருக்கிறது. ஊருக்குள் வந்து பணம் தரும் வங்கி முகவர் நீட்டுகிற கைரேகைக் கருவியும் ஒரு சென்சார்தான். 2018இல் தெலங்கானாவில், நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையைப் பிரதியெடுத்து, அதே வகை ஆதார் ரேகைச் சரிபார்ப்பை ஏமாற்றி சிம் கார்டுகளை இயக்கியது அம்பலமானது. பிறகு ஆதார் சரிபார்ப்பில் எல்-1 வகைக் கருவிக்கு மாறச் சொன்னார்கள். அதில் ரேகை, கருவியை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பூட்டப்பட்டுவிடும். ரேகைக்குச் செய்ததை மண்ணுக்கும் மழைக்கும் பாலுக்கும் ஏன் செய்யக் கூடாது?

"விலை ஏறும், முதலில் கருவி ஊருக்கு வரட்டும்" என்பவர்கள் உண்டு. விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை ஏமாந்த சம்சாரி மறுபடி அந்தக் கருவியை நம்ப மாட்டார். அதற்கும் விலை உண்டு.

நாட்டின் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கல்லாப்பெட்டிக்கு அவ்வளவு கவனம் இருக்கிறது. அந்தக் கல்லாவுக்குக் கணக்குச் சொல்லப்போகும் காட்டுப் பெட்டிக்கும் அதே கவனம் வேண்டும்.

சந்தைக்கடைத் தராசுக்கு அதிகாரி வந்து பார்த்து முத்திரை போடுகிறார். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் குற்றம். பணமாக மாறும் எண்ணைச் சொல்கிற ஒவ்வொரு சென்சாருக்கும் அப்படியொரு முத்திரை வேண்டும்: கடவுச்சொல் மாற்றப்பட்டதா, தகவல் பூட்டிப் போகிறதா, பெட்டியைத் திறந்தால் தெரியுமா என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துப் போடும் முத்திரை. அன்னூர் அம்மா அந்தச் சிவப்பு எழுத்தைத் தினமும் இரண்டு வேளை நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு முத்திரையாவது நாம் தர வேண்டும்.