எழுத்தறியாதாரும் பேசுங் கருவியும்

பழனி மலைச் சாரல்களில் விளையும் விருப்பாட்சி வாழைக்கு முடிக்கொத்து நோய் என்றொரு பெரும்பகை உண்டு. அந்நோய் பற்றிய கன்றின் இலைகள் நன்கு விரியாது குறுகி, உச்சியிற் கொத்தாகக் குவிந்து நிற்கும். குலை தள்ளுதல் அரிது. அசுவினி என்னும் சிறு பூச்சி அதனைத் தோட்டத்திற்குத் தோட்டம் கொண்டு செல்லும். தீர்க்கும் மருந்து இல்லை. கண்டவுடன் கிழங்கோடு அகழ்ந்து அழித்தல் வேண்டும். காலந் தாழ்த்தின் அண்டை வீட்டார் தோட்டமும் பாழாம். இதனை விளக்கும் துண்டுப் பிரசுரங்கள் தமிழில் இல்லாமலில்லை. படிக்க இயலாதார் கையில் அப்பிரசுரம் என்ன பயன் தரும் என்பதே நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

2011ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பெண்களுள் 73 பேரே. எஞ்சியோர் கையிலும் இன்று கைப்பேசி உண்டு. ஆயின் வங்கியிலிருந்து அதற்கு வருஞ் செய்தி பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருகிறது. முதியோர் உதவிப் பணம் வந்ததா என்றறிய ஒரு மூதாட்டி அயலார் ஒருவரிடம் அதனை நீட்ட வேண்டும். அவர் படித்துச் சொல்வதே அவளுக்கு உண்மை. பிறர்க்குச் சொல்லலாகாது என்று எழுதப்பட்ட மறை எண்ணையும் பிறரே படித்துச் சொல்லுகின்றனர்! இவ்விழுக்கு அவளுடையதன்று, கருவியை அமைத்தாருடையது என்பது எம் கருத்து.

இக்குறையைக் களைய முயன்ற ஒரு சோதனை நம் மலையடிவாரத்திலேயே நிகழ்ந்தது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குப் பேருந்தேறுவோர் செம்பட்டியைக் கடந்து செல்வர். அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நிலையத்தில், 2006ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் பெர்க்லி நகரிலிருந்து வந்த மேடலின் பிளௌஷே என்னும் அம்மையாரும் அவர்தம் கூட்டத்தாரும் உழவர்க்கெனப் பேசுங் கணினியொன்றை அமைத்தனர். வாழைப்பயிர் பற்றிய செய்திகளைப் படத்தோடு காட்டிக் குரலாலுஞ் சொல்லுவது அது. உழவர் ஒரு சொல்லைச் சொல்லியும் கேட்கலாம், பொத்தானை அழுத்தியுங் கேட்கலாம்.

இதில் அவர்கள் கண்ட பெரிய இடர் யாதெனின், தமிழ் ஊர்க்கு ஊர் வேறுபடுதலே. ஓர் ஊரார் பேச்சைக் கற்ற கருவி அடுத்த ஊரார் பேச்சை அறியாது மயங்கும். எல்லா வழக்குகளையும் முன்னரே தொகுப்பதற்கோ பெரும்பொருள் வேண்டும். ஆகவே அவர்கள் சொற்றொகையை மிகச் சுருக்கினர். கருவியோடு பேசும் ஊராரின் குரலையே பதிந்து, அதனைக் கொண்டு அவ்வூர்ப் பேச்சைக் கருவிக்குக் கற்பித்தனர். பயன்படுத்துவோரே ஆசிரியராயினர், கணினி மாணாக்கனாயிற்று.

தமிழ் பயிலும் நமக்கு மற்றோர் ஐயமும் எழுகின்றது. இத்தகைய கருவிகள் பல, ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டனுள் ஒன்றை எதிர்நோக்கி நிற்கின்றன. ஆயின் நன்னூலார் விடை எட்டென வகுத்தார். “வாழைக்கு நீர் பாய்ச்சினீரா?” என்று கருவி வினவுவதாகக் கொள்வோம். நேரே விடை சொல்பவரும் ‘ஆம்’ என்னார்; ‘பாய்ச்சினேன்’ என்பார். ஒருவர் ‘பாய்ச்சாமல் இருப்பேனா?’ என்று எதிர்வினாவுவார். ஒருவர் ‘கிணறு வற்றிவிட்டது’ என உற்றதுரைப்பார். இன்னொருவர் ‘கீரைக்குப் பாய்ச்சினேன்’ என இனமொழியால் மறுப்பார். மனிதர் செவிக்கு இவையாவும் தெளிந்த விடைகள். கருவியோ மீண்டும் மீண்டும் அதே வினாவைக் கேட்கும். பேசினவர் தமக்கே அறிவில்லையெனக் கருதி எழுந்து செல்வர். கருவி செய்வோர் பவணந்தியாரைப் படித்திருப்பின் எவ்வளவோ நலமாயிருக்கும் என்று நாம் நகைத்துக்கொள்வதுண்டு. ஆயினும் அது வெறும் நகையன்று.

படம் மட்டும் போதுமோ எனின், அதுவும் எளிதன்று. பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலை தேடுதற்கென எழுத்தில்லாக் கருவியொன்றை இந்திராணி மேதி என்பார் வேறிருவரோடு சேர்ந்து மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் அமைத்து, 2006இல் அதன் முடிபுகளை வெளியிட்டார். பாத்திரம் கழுவுதலைக் குறிக்கக் குழாயை வரைந்தாற் போதவில்லை; அதிலிருந்து நீர் ஒழுகுவதையும் வரைந்தபோதே அது ஒரு தொழிலென்று விளங்கிற்று. படங்களோடு குரல் விளக்கமும் சேர்க்கப்பட்டது. எழுத்தறியாதார் பலர் எண்களை நன்கறிவர் என்பதும் இத்துறையார் கண்டது. பேருந்தெண்ணும் பணத்தாளும் கற்பித்த கல்வி அது.

படத்தை நம்பிய பெருஞ்செயல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1951–52ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேற் சின்னம் பொறித்தனர். கோடிக்கணக்கானோர் ஓரெழுத்துமறியாது வாக்களித்தனர்.

கொடைக்கானல் வானொலியின் பண்பலையும் மலையுயரத்தின் துணையால் பல மாவட்டங்களுக்கு நாடோறும் குரல் வழங்குகின்றது. ஆனால் வானொலி சொல்லும், கேளாது. இலை குவிந்து நிற்கும் கன்றைக் கண்ட உழவர், ‘இது அந்நோய்தானோ?’ என்று அந்நொடியே அதனிடம் வினவ இயலாது.

இன்று விலை குறைந்த கைப்பேசியுந் தமிழ்ப் பேச்சை ஓரளவு எழுத்தாக்குகின்றது. இந்திய அரசினர் 2022இல் பாஷினி என்னும் மொழித்திட்டத்தையுந் தொடங்கினர். எனினும் எவர் பேச்சு பதியப்படுகின்றதோ அவர் பேச்சையே கருவி நன்கறியும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை முதலிய ஊர்களிலிருந்து வந்து நம்மோடு பயிலும் தோழர்கள் விடுமுறையில் ஒன்று செய்யலாம். வாழைக்கும் பூண்டுக்கும் வரும் நோய்களை முதியோர் எச்சொல்லால் வழங்குகின்றனர் என்று கேட்டு, அவர்தம் இசைவோடு குரலைப் பதிந்து, ஊரையும் அகவையையும் அருகிற் குறித்து வரலாம். வினாவுக்கு அவர்கள் விடையிறுக்கும் முறையையும் உடன் பதிதல் நன்று. ஒரு கைப்பேசியும் சில மாலைப்பொழுதுகளும் அதற்குப் போதும்.