தள்ளாடும் பிராட்பேண்ட்: பழுது வீட்டிலா, வீதியிலா?

புதுடெல்லி: தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெறும் சந்தாதாரர்களின் குறை பெரும்பாலும் ஒன்றுதான். மாதக் கட்டணத்தைத் தவறாமல் செலுத்தியும் இணைப்பு ஊர்ந்து செல்கிறது. அடிக்கடி அறுந்தும் போகிறது. புகார் செய்தால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது" என்ற பதிலே கிடைக்கிறது. பழுது எங்கே இருக்கிறது என்பதைச் சந்தாதாரரே ஓரளவு கண்டறிந்து வைத்திருந்தால், அந்தப் பதிலோடு திரும்ப வேண்டியதில்லை.

மத்திய அரசு 2004-ம் ஆண்டு அக்டோபரில் அறிவித்த பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே குறைந்தபட்ச அளவாக நிர்ணயித்தது. மறு ஆண்டே பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரிலும், டெல்லி, மும்பையில் எம்.டி.என்.எல். 'டிரைபேண்ட்' என்ற பெயரிலும் சேவையைத் தொடங்கின. அந்த அளவு 2013-ல் 512 கிலோபிட்டாகவும், 2023-ல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. கண்ணாடியிழை பரவலாகிவிட்ட போதிலும், அது எட்டாத வீடுகளுக்குப் பழைய தாமிரக் கம்பியே துணை.

முதலில் கணக்கு

8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே விநாடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் கோப்பு இறங்கும்போது திரையில் விநாடிக்கு 250 கிலோபைட் அளவே தெரியும். இதைக் குறை என்று கருத இயலாது. வேகத்தைச் சோதிக்கும்போது வைஃபையைத் தவிர்த்து, மோடத்துடன் கணினியைக் கேபிள் மூலம் இணைக்க வேண்டும். கேபிளில் வேகம் சரியாக இருந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் குற்றம் தொலைபேசிக் கம்பியினுடையது அல்ல. இடையிலுள்ள சுவர்களும் மோடத்தை வைத்துள்ள இடமுமே காரணமாக இருக்கும்.

அடுத்து மோடத்தின் விளக்குகள். 'டி.எஸ்.எல்.' விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், தொலைபேசி இணைப்பகத்தோடு தொடர்பு ஏற்படவில்லை என்று பொருள். அது நிலையாக எரிந்தும் 'இன்டர்நெட்' விளக்கு எரியாவிட்டால், பயனர் பெயர், கடவுச்சொல் அல்லது நிறுவனத்தின் சர்வரில் சிக்கல் இருக்கலாம்.

பேச்சும் இணையமும் ஒரே கம்பியில்

குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழும், இணையத் தகவல் அதற்கு வெகு மேலேயும் பயணிக்கின்றன. இரண்டையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி. அதைத் தாண்டாமல் மாடியிலோ அடுத்த அறையிலோ ஒரு தொலைபேசி நேரடியாக இணைக்கப்பட்டிருந்தால், மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துவிடும். எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் ரோசெட் பெட்டியில் மோடத்தை மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போது இணைப்பு நிலைத்தால் பழுது வீட்டின் உள்கம்பியில்தான். நிலைக்கவில்லை என்றால், மாற்று மோடம் ஒன்றையும் சோதித்துவிட்டு வெளிக்கம்பியைச் சந்தேகிக்கலாம்.

தொலைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினால் டயல் ஒலி நின்று அமைதி நிலவ வேண்டும். அந்த அமைதியில் கரகரப்பு கேட்டால் கம்பி இணைப்புகளில் ஈரமோ துருவோ இருக்கிறது. மழைக்காலத்தில் தெருவோரப் பெட்டிகளில் நீர் புகுந்தால் இது நேரிடும். தொலைபேசி அறவே செயலிழந்தும் இணையம் மட்டும் மெல்ல ஊர்ந்தால், இரண்டு கம்பிகளுள் ஒன்று அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எண்கள் பேசும்

பல மோடங்களில் 192.168.1.1 என்ற முகவரியைக் கணினியில் தட்டினால் இரண்டு முக்கிய அளவுகளைக் காணலாம். ஒன்று இரைச்சல் இடைவெளி. இது 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலையாக இராது. மற்றொன்று சமிக்ஞை இழப்பு. 60 டெசிபலைத் தாண்டினால் நல்ல வேகத்தை எதிர்பார்க்க இயலாது. இணைப்பகத்திலிருந்து கம்பி நீள நீள இழப்பு கூடும். 5 கிலோமீட்டருக்கு மேல் சேவை கிடைப்பதே அரிது. இழப்பு மாறாமலிருக்க, மழை நாளில் மட்டும் இரைச்சல் இடைவெளி சரிந்தால், கம்பியில் பழுது இருப்பது ஏறத்தாழ உறுதி. இரு அளவுகளும் நன்றாக இருந்தும் மாலை வேளைகளில் மட்டும் வேகம் குறைந்தால், அது நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்படும் நெரிசல். லைன்மேன் வந்து கம்பியை மாற்றுவதால் அது தீராது.

சந்தாதாரரின் உரிமை

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006-ல் பிராட்பேண்ட் சேவைக்கான தர விதிகளை வெளியிட்டது. பழுது 3 வேலை நாட்களுக்கு மேல் நீடித்தால் 7 நாள் கட்டணமும், 7 நாட்களைக் கடந்தால் 15 நாள் கட்டணமும், 15 நாட்களையும் கடந்தால் ஒரு மாதக் கட்டணமும் கழிக்கப்பட வேண்டும் என்று அவை கூறின. அவற்றுக்குப் பதிலாகப் புதிய தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

எந்த விதியானாலும் புகார் எண்தான் ஆதாரம். வாய்மொழியாக லைன்மேனிடம் சொல்வது கணக்கில் வராது. 2012-ம் ஆண்டு புகார் தீர்வு விதிகளின்படி, குறை தீராதவர்கள் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்த நாள், நேரம், மோடம் காட்டிய அளவுகள், புகார் எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்திருப்போரின் மனு, அங்கே வெறும் முறையீடாக ஒதுக்கப்படுவது கடினம்.