கொலையாளியின் பாலும் தமிழ் வினைமுற்றும்

1939இல் வெளிவந்து, இன்று 'அண்ட் தென் தேர் வேர் நன்' என வழங்கும் அகதா கிறிஸ்டியின் புதினத்தில், தனித்தீவொன்றில் அகப்பட்ட பதின்மரும் ஒவ்வொருவராக மடிகின்றனர். கொலையாளி யார் என்பது இறுதிவரை மறைக்கப்படுகிறது.

ஆங்கில வினை பால் காட்டாமையால் இம்மறைப்பு எளிதாகிறது. தமிழ் வினைமுற்றோ, கன்னட வினைமுற்றைப் போலவே, பாலை உணர்த்துவது. பதின்மருள் பெண்கள் மூவர். 'கொன்றான்' என மொழிபெயர்ப்பின் அம்மூவரும் ஐயத்தினின்று நீங்கிவிடுவர். 'கொன்றார்' என்பது பாலை மறைப்பினும் கொலையாளிக்கு மதிப்பை ஏற்றுகிறது.

'கொன்றது யார்?' என்னும் பிளவு வாக்கியமே பொருத்தமானது. இதிலுள்ள 'கொன்றது' ஒன்றன்பால் வடிவமாயினும் அஃறிணைப் பொருள் தருவதில்லை. பாலையும் மதிப்பையும் ஒருங்கே மறைக்கிறது. 'கொன்ற கை' போன்ற பெயரெச்சத் தொடரும் இவ்வாறே பயன்படும்.

இக்கதையைத் தழுவிய எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) போன்ற திரைப்படத்தின் காட்சியில் முகத்தை மறைத்தல் போதும். மொழிபெயர்ப்பிலோ வினைவிகுதியையும் மறைத்தல் வேண்டும்.